சடையன் கழுத்துக் காறை

அந்தக் காலம்னா, ரொம்ப அந்தக் காலம். தரங்கம்பாடிக்குத் தெக்க, வெள்ளாங்குப்பத்துல சடையன்னு ஒருத்தன் இருந்தானாம். எங்க வகையறாதான். நல்ல கருப்பு. வலை இழுத்துக்கிட்டு இருந்தவனை வெள்ளைக்காரன் புடிச்சுக் கப்பல்ல போட்டுக்கிட்டுப் போயிட்டானாம். அக்கா ஆண்டிச்சி கரையில பொரண்டு அழுதாளாம்.

வருசம் போச்சு, வருசம் போச்சு. ஒரு கப்பல்காரன் கண்ணாடி போட்ட படம் ஒண்ணைக் கொண்டாந்து ஆண்டிச்சி கையில குடுத்தானாம். "உன் தம்பி எங்க ராசா சபையில நிக்கிறான், பாரு!" கலர் சுண்ணாம்புக்கட்டியால தீட்டுன படம். பட்டு அங்கி, தலப்பா, கழுத்தை ஒட்டி வளையமா, பளபளன்னு வெள்ளிக் காறை.

ஊரே வாயப் பொளந்துச்சாம். "நம்ம சடையனுக்கு ராசாவே காறை போட்டுருக்காருடா!" அன்னையிலேருந்து கோயில்ல மொத மரியாதை ஆண்டிச்சிக்குத்தான். பொறக்குற புள்ளைக்கெல்லாம் அதே மாதிரி வெள்ளிக் காறை. கூத்தப் பாருங்க!

இன்னும் வருசம் போச்சு. கெழவன் ஒருத்தன் கரையில எறங்குனானாம். கந்தல் துணி, கழுத்தைச் சுத்தி ஒரு துண்டு. "அக்கா, நாந்தான் சடையன். செத்தா உன் வாசல்ல சாவணும்னு வந்துட்டேன்."

நாட்டாமை படத்தைத் தூக்கியாந்து அவன் பக்கத்துல புடிச்சாராம். "பட்டு எங்க? காறை எங்க? யார்ரா நீ?"

"அது காறை இல்லீங்க..."ன்னு ஆரம்பிச்சானாம். யாரு கேட்டா? சிரிச்சாங்களாம்.

"ஆண்டிச்சி, நீ சொல்லு. உன் தம்பியா?"

கொரலைக் கேட்டப்பவே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சாம். இடுப்புல தூக்கி வளத்தவளாச்சே! ஆனா இந்தக் கந்தல்காரனைத் தம்பின்னு ஒத்துக்கிட்டா மொத மரியாதை போயிருமே. "எனக்குத் தெரியலீங்க"ன்னுட்டா. சொல்லவே எனக்கு நாக்கு கூசுது.

அவன் திரும்பி நடந்தானாம். மணல்மேட்டுல போயி உக்காந்தானாம். பொழுது சாயறதுக்குள்ள உசுரு போயிருச்சு.

குளிப்பாட்டத் துண்டை அவுத்தாங்களாம். கழுத்தைச் சுத்தித் தழும்பு. பின்கழுத்துல பூட்டு அழுத்துன தடம். ராசா அவனை நாய் மாதிரி பட்டை போட்டுப் பூட்டி வச்சிருந்தான். அதைத்தான் நாங்க புள்ளைங்களுக்குப் போட்டு அழகு பாத்தோம். வெக்கங்கெட்ட ஊரு!

ஆண்டிச்சி கண்ணாடியக் கழட்டி, அந்தக் காறைய மட்டும் அழிச்சிரலாம்னு முந்தானையால தொடச்சாளாம். சுண்ணாம்புக்கட்டிதானே? காறையோட மொகமும் சேந்து வந்துருச்சாம்.

அந்த மேடுதான் காறைமேடு. இன்னைக்கும் எங்க ஊர்ல கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் கழுத்துல வெள்ளி ஏறாது. வெளியூர்லேருந்து வாக்கப்பட்டு வர்ற பொண்ணுங்க ஏன்னு கேப்பாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம். 'ஆமா, எந்தம்பிதான்'னு ஒத்த வார்த்தை சொல்ல முடியாத வம்சம், இதுக்கு என்னத்தச் சொல்லும்?