மேலிருந்து எடுத்த படம்

லண்டன் எலிசபெத் லைன் ரயிலில் இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இளையவளின் சப்பாத்தில் சேறு காய்ந்திருந்தது. தொல்லியல் அகழ்வில் வேலை செய்கிறவள் என்று பேச்சில் தெரிந்தது.

“ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ரோமன் ஆமிக்காரர் நாங்கள் கிண்டுற வயலிலை ரெண்டு மூண்டு இரவுதான் தங்கினவை, அக்கா. ஆனா அவை வெட்டின அகழி இண்டைக்கும் கிடக்கு.”

“இவ்வளவு காலமா மூடிக் கிடந்ததை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

“பிளேனிலை இருந்து படம் எடுத்தவை. மழை இல்லாத வருசத்திலை பயிரெல்லாம் மஞ்சளாப் போகும். பழைய அகழிக்கு மேலை நிக்கிறது மட்டும் பச்சையா இருக்கும். அந்தப் பச்சைக் கோடுகளைப் பார்த்துத்தான் கிண்டினனாங்கள். சமைச்ச அடுப்பின்ரை கரிகூடக் கிடந்தது.”

அக்கா அந்தச் சப்பாத்துச் சேற்றைப் பார்த்தாள்.

“அப்ப, ஊரிலை செல்லடிக்கு நாங்கள் பதுங்கியிருந்து, பிறகு அம்மாவைத் தாட்டு மூடின பங்கர்க் குழியையும் மேலை இருந்து பார்க்க ஏலுமோ?”

“பார்த்திட்டன், அக்கா. சண்டை முடிஞ்ச வருசத்துச் சாட்டிலைட் படம் கம்ப்யூட்டரிலை இருக்கு. போன மாசம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“எல்லாச் சனமும் பங்கர் வெட்டினதுதானே. கடற்கரை முழுக்கக் குழி. எங்கடை எதெண்டு தெரியேல்லை.”

“பக்கத்திலை ரெண்டு பனை நிண்டது. ஞாபகம் இல்லையோ?”

“படத்திலை மரம் ஒண்டும் இல்லை, அக்கா.”

ரயில் ஸ்ட்ராட்போர்டில் நின்று புறப்பட்டது.

“இனித் தனிய இருந்து அதைப் பார்க்காதை,” என்றாள் அக்கா.