கஷ்காசியின் அப்பாவுக்குப் பெரிய கல்யாணம்

— கையைத் தூக்குங்க பாபா. இன்னும் கொஞ்சம்.

— இதுக்கு மேல தூக்கினா பன்னிரண்டாவது மாடிக்காரன் பிடிச்சுக் கைகுலுக்கிடுவான்.

— அசையாதீங்க. அங்கி ஓரத்தைத் தச்சு முடிக்கணும். கீழே மேளக்காரங்க வந்தாச்சு.

— வந்தா வரட்டும். சித்தினா, இங்க பாரு, உன் மக என்னை முள்ளம்பன்றி ஆக்கிட்டா. மார்செய் துறைமுகமே சாட்சி, ஒரு அண்டா ரத்தம் போயிடுச்சு.

— நான் சாட்சி இல்ல. ஒரே தடவை குத்துச்சு, அதுவும் அங்கியில. எழுபத்திரண்டு வயசு மாப்பிள்ளை இப்படியா துள்ளுவார்?

— யாருடி மாப்பிள்ளை? நாப்பத்தஞ்சு வருஷமா உன் சமையலைத் தின்னு உயிரோட இருக்கறவன் இன்னைக்குப் புதுசா மாப்பிள்ளையா?

— அப்ப நான் மட்டும் என்னவாம்? முட்டி வலியோட, மருதாணி காயட்டும்னு கையை விரிச்சு வச்சுட்டு உக்காந்திருக்கேன். என் சிநேகிதிங்க எல்லாம் பேத்தி கல்யாணத்துக்கு மருதாணி வைக்கறாங்க. நான் என் கல்யாணத்துக்கே வைக்கறேன். அதுவும் அதே ஆளோட.

— வேற ஆள் வேணும்னா இப்பவே சொல்லிடு.

— உங்களுக்குத் தலைப்பாகை கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்.

— மா, சிரிக்க வைக்காதே, கை ஆடுது. பாபா, பேச்சை ஒரு தடவை சொல்லிப் பாத்துடலாம். ஊர்வலம் நம்ம தீவுக்காரங்க மண்டபத்துக்குள்ள போனதும் உங்களைப் பெரியவங்க வரிசையில உக்கார வைப்பாங்க. முதல் பேச்சு உங்களோடது. யாரும் குறுக்கே பேசக்கூடாது. என்ன கேக்கப் போறீங்க?

— சாவி.

— எந்தச் சாவி?

— மண்டபத்துக்குப் பின்னாடி இருக்கற அறைச் சாவி. புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லாதப்ப நீ பொண்ணுங்களுக்கு ராப் பாட்டு சொல்லிக் கொடுப்பியே, அந்த அறை. இது கூத்தடிக்கற இடமில்லன்னு சொல்லிப் பூட்டைப் போட்டானுங்களே, அந்த அறை.

— அவ்வளவுதான். அதை நேரா கேளுங்க. எங்க, ஆரம்பிங்க.

— மரியாதைக்குரிய பெரியவங்களே. உலகம் பூரா கஷ்காசின்னு கூப்பிடற என் மக தஹமிதா, அந்த அறையில ஐயாயிரம் பொண்ணுங்களுக்கு…

— பதினேழு.

— பதினேழுன்னா யாரு மதிப்பான்?

— அந்த அறையில இருபது பேர் நின்னா மூச்சு முட்டும். கட்டினதே அந்தப் பெரியவங்கதான், அவங்களுக்குத் தெரியாதா?

— சரி, பதினேழு. அந்தப் பதினேழு பேரையும் என் மக ஏன் சேத்தான்னா, அவ பொறந்தப்பவே தாளத்துலதான் அழுதா. ஆஸ்பத்திரி டாக்டரே காலால தாளம் போட்டார். துறைமுகமே சாட்சி.

— நான் சாட்சி இல்ல. அவ பொறந்தப்ப நீங்க பஸ் ஓட்டிட்டு இருந்தீங்க. ராத்திரிதான் வந்து பாத்தீங்க. பாத்ததும் மயக்கம் போட்டு விழுந்தீங்க.

— களைப்புடி அது.

— பாபா, என் ஜாதகம் எதுக்கு? சாவியைக் கேளுங்க.

— கேக்கறவங்களுக்கு நீ யாருன்னு தெரிய வேண்டாமா? இந்தக் கட்டடத்து மாடிப்படியில, நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னு பாடுவியே. அங்கதான் எதிரொலி நல்லா இருக்கும்னு சொல்வே. ஒவ்வொரு வீட்டுக்காரனும் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து படியில உக்காந்தான். லிஃப்டே நடுவுல நின்னு கேட்டுச்சு.

— லிஃப்ட் அன்னைக்கும் ரிப்பேர், இன்னைக்கும் ரிப்பேர். இந்த மாப்பிள்ளை அங்கியோட பதினோரு மாடி நீங்க இறங்கித்தான் ஆகணும். நாற்காலியைத் தூக்கிட்டு வந்தவன் மூணாவது மாடி போர்த்துகல்காரன். அவளை அடிக்க வந்தான்.

— வந்தான், ஆனா உக்காந்துட்டான் இல்ல?

— அது நிஜம். உக்காந்துட்டான்.

— பாத்தியா. அப்புறம் என் பஸ்ஸு. அவ முதல் பாட்டுகளை கேசட்டுல பதிஞ்சு நான் பஸ்ஸுல போடுவேன். ஒருத்தன் இறங்கணுமே. மருந்துக் கடைக்குப் போறவன் மருந்தை மறந்தான், வேலைக்குப் போறவன் வேலையை மறந்தான், மொத்தப் பேரும் என்னோட டிப்போவுக்கு வந்து நின்னாங்க.

— நீங்க ஸ்டாப்புல நிறுத்தினாத்தானே இறங்குவாங்க? பாட்டு முடியட்டும்னு ஓட்டிட்டே போனீங்க. ஒரு வாரம் வீட்டுல உக்கார வச்சாங்களே, அதையும் சபையில சொல்லுங்க.

— சொன்னா என்ன? பாட்டுக்காகத் தண்டனை வாங்கின முதல் டிரைவர் நான்தான். ஒரு மத்தி மீன் வந்து துறைமுகத்தையே அடைச்சுடுச்சுன்னு சொல்ற ஊர் இது. அந்த மீனை நம்பறானுங்க, என்னை நம்ப மாட்டேங்கறானுங்க.

— அதுக்குத்தான் சொல்றேன் பாபா. நீங்க ஒண்ணைப் பத்தாக்கினா அவங்க பத்தையும் தள்ளிடுவாங்க. இந்த ஒரு தடவை ஒண்ணை ஒண்ணாவே சொல்லுங்க. எனக்கு அந்தச் சாவி வேணும். அதை வாங்காம நான் இன்னைக்கு மண்டபத்தை விட்டு வெளிய வரப்போறதில்ல.

— பாரிஸ்ல இப்படித்தான் நின்னே. இசைத்தட்டுக் கம்பெனிக்காரன் என்ன சொன்னான்? உன் பிரெஞ்சுல மார்செய் வாடை அடிக்குது, அதைக் கழுவிட்டு வந்தா பெரிய ஆளாக்கறேன்னான். நீ அவன் மேசையைத் தூக்கி ஜன்னல் வழியா…

— கதவைச் சாத்திட்டு வந்தேன். மெதுவாத்தான் சாத்தினேன். வாடையோட பாடினேன், ரெண்டு வருஷம் கழிச்சு அவனே டிக்கெட் வாங்கிட்டு வந்து வரிசையில நின்னான்.

— இதை நான் சொன்னா மிகைன்னுவீங்க.

— தலையைக் குனிங்க. தலைப்பாகை.

— சித்தினா, எப்படி இருக்கேன்?

— சுல்தான் மாதிரி இருக்கீங்க. நாடு கடத்தின சுல்தான்.

— இருக்கட்டும். இந்தத் தலைப்பாகையோட போய் முதல்ல அந்த ஸுபேர் முன்னாடி நிக்கணும். ஃபோன் கடை வச்சிருக்கான், முப்பத்துநாலு வயசு, போன கோடையிலதான் பெரிய கல்யாணம் பண்ணினான். அந்த அறையைப் பூட்டறதைப் பத்திப் பேச்சு வந்தப்ப நான் எழுந்தேன். 'உக்காரு பொடியா, பெரியவங்க பேசறாங்க'ன்னான். என்னைப் பாத்து. அவன் பள்ளிக்கூடம் போனதே என் பஸ்ஸுலதான்.

— அவனைச் சொல்லி என்ன? நம்ம தீவு வழக்கம் அது. பெரிய கல்யாணம் பண்ணினவன் பேசலாம். பண்ணாதவன் தாடி நரைச்சாலும் சின்னப் பசங்களோட உக்காந்து கடைசிப் பந்தியில சாப்பிடணும். கடல் தாண்டி வந்து இத்தனை வருஷமாச்சு, அதை மட்டும் யாரும் கடல்ல போடல.

— ஆனா ஹஸ்ஸானிப் பெரியவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆனதுல இருந்து அவர் மருமகன் பேசறானே. அவனுக்கு மீசைகூடச் சரியா வரல, கல்யாணமும் சின்னக் கல்யாணம்தான். அவனை ஒருத்தன் உக்காருன்னு சொன்னானா?

— எப்படிச் சொல்வாங்க? பெரியவருக்குக் குரல் இல்லன்னா அவர் வீட்டு ஆள் பேசலாம், அது அவரே பேசின மாதிரின்னு சபையில சொல்லிட்டாங்களே. மாடியில பொம்பளைங்க வரிசையில உக்காந்து என் காதால கேட்டேன்.

— அநியாயம். குரல் இல்லாதவன் பேசலாம். இவ்வளவு குரல் இருக்கற நான் பேசக்கூடாது.

— நீங்க இந்தக் கல்யாணத்தை முப்பதாவது வயசுலேர்ந்து ஒத்திப் போட்டா யார் என்ன செய்ய முடியும்?

— நான் எங்க ஒத்திப் போட்டேன்? சேத்து வச்சதெல்லாம் கப்பலோட முழுகிப் போச்சு. அந்தப் புயல்ல அலை எவ்வளவு உயரம் வந்துச்சு தெரியுமா, மலை மேல இருக்கற மாதா கோயில் மணியே நனைஞ்சுபோச்சு.

— பாபா, அந்தக் கப்பல் எனக்குத் தெரியும்.

— எந்தக் கப்பல்?

— என் முதல் இசைத்தட்டு. அம்மா எப்பவோ சொல்லிட்டா. கல்யாணத்துக்குச் சேத்து வச்சதை எடுத்து ஸ்டுடியோவுக்குக் கொடுத்துட்டு, ஊரெல்லாம் கப்பல் முழுகிடுச்சுன்னு சொன்னீங்க. அத்தனை பெருமை அடிப்பீங்க, இதை மட்டும் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்ல.

— உங்கம்மா பொய் சொல்றா.

— நான் இதுக்குச் சாட்சி.

— அதனாலதான் இந்த வருஷம் நான் ஊர் ஊராப் பாடினதையெல்லாம் இந்தக் கல்யாணத்துல போட்டேன். நீங்க முன்வரிசையில உக்காந்து பேசணும். அதை நான் பாக்கணும். அப்புறம்தான் மத்ததெல்லாம்.

— ராத்திரி பூரா குளியலறையில பேசிப் பாத்துட்டிருந்தார். சோப்பு டப்பாவை 'மரியாதைக்குரிய பெரியவங்களே'ன்னு கூப்பிட்டார்.

— சோப்பு டப்பா மரியாதையாத்தான் கேட்டுச்சு. சரி, இப்ப ஒழுங்கா சொல்றேன். மரியாதைக்குரிய பெரியவங்களே. என் மகளுக்கு ஒரு தடவை குரல் போயிடுச்சு…

— மறுபடியும் என் கதை.

— இது நிஜமா நடந்ததும்மா. தொண்டையில முடிச்சு விழுந்து, ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார். உன் ரெண்டாவது இசைத்தட்டு வந்த நேரம். ரேடியோக்காரன் வந்து மைக்கை நீட்டறான், நீ ஊமையா உக்காந்திருக்கே. யாரு பேசினா?

— நீங்கதான். நான் தீவுலேர்ந்து நீந்தியே மார்செய்க்கு வந்தேன்னு சொன்னீங்க. நான் பொறந்ததே இந்த ஊர்ல.

— தட்டு வித்துச்சா இல்லையா?

— சுறா மீன் எனக்கு வழி காட்டுச்சுன்னும் சொன்னீங்க. இப்பவும் மேடையில பசங்க சுறா சுறான்னு கத்தறாங்க.

— உனக்காக நான் பேசினேன். அதைச் சொன்னேன்.

— பேசினீங்க பாபா. மறக்கல. ஆனா இங்க சுறா வேலைக்கு ஆகாது. என் பாட்டுல பாதி அவங்களுக்குப் புரியல, புரிஞ்ச பாதியாலதான் பூட்டே விழுந்துச்சு. அவங்ககிட்ட அன்ஃபியாவைப் பத்திச் சொல்லுங்க.

— யாரது?

— எட்டாவது மாடிப் பொண்ணு. பதினாலு வயசு.

— அம்மா செத்துப்போனாளே, அந்தப் பொண்ணா?

— அவதான் மா. அம்மா போனதுலேர்ந்து பேச்சை நிறுத்திட்டா. வீட்டுல பேசல, பள்ளிக்கூடத்துல பேசல. அக்காக்காரி ஒரு புதன்கிழமை கூட்டிட்டு வந்து விட்டா. ஹீட்டர் பக்கத்துல உக்காந்திருப்பா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மத்த பொண்ணுங்க பாடுவாங்க, இவ காலை மட்டும் ஆட்டுவா. இப்படியே குளிர்காலம் பூரா. ஒரு நாள் எழுந்து வந்து மைக்கைக் கேட்டா, கையாலதான். கொடுத்தேன். அவங்க அம்மா பேரைச் சொன்னா. வேற ஒண்ணுமில்ல, பேரு மட்டும். நாங்க தாளத்தை நிறுத்தல. மறுபடி சொன்னா. அடுத்த வாரம் ஒரு வரி கொண்டு வந்தா. அதுக்கடுத்த வாரம் ரெண்டு. அப்புறம் பூட்டு விழுந்துச்சு. நேத்து மார்க்கெட்டுல பாத்தேன், மீன் கடையில. நல்லா இருக்கியான்னு கேட்டேன். தலையை ஆட்டினா. இப்ப தலையை மட்டும்தான் ஆட்டறா.

— அல்லாஹ்.

— அந்த அறை எனக்கில்ல மா. எனக்கு மேடை இருக்கு. அந்தப் பொண்ணுக்கு வேற இடமே இல்ல. பாபா, இதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம்.

— ஒரு வார்த்தைகூடவா?

— ஒரு வார்த்தைகூட. சொல்லிப் பாருங்க.

— மரியாதைக்குரிய பெரியவங்களே. எங்க கட்டடத்துல ஒரு பொண்ணு. அவ பத்து வருஷமா பேசல. இல்ல. அவ… மைக்கைப் பிடிச்சதும் கட்டடமே அதிர்ந்து… இல்ல.

— பரவாயில்ல. மறுபடியும் ஆரம்பிங்க.

— வர மாட்டேங்குது தஹமிதா. ஒண்ணை ஒண்ணாச் சொல்ல என் வாய்க்குத் தெரியல. நான் சொன்னா அந்த ஸுபேர் சிரிப்பான். அந்தப் பொண்ணைப் பாத்துச் சிரிச்ச மாதிரி ஆயிடும்.

— சிரிக்கட்டும். நீங்க பேசுங்க. நான் மாடியிலேர்ந்து அவனையே பாத்துட்டிருப்பேன்.

— க்ஹும்.

— என்ன பாபா?

— க்ஹும். க்ஹும்.

— தண்ணி தரவா?

— வேண்டாம். தொண்டை… தொண்டை கட்டுது.

— இப்பத்தானே கணீர்னு பேசிட்டிருந்தீங்க?

— போச்சு. காத்துதான் வருது.

— பாபா, வேண்டாம். நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எனக்குப் புரியுது. இது உங்க முதல் பேச்சு. எத்தனை வருஷமா காத்துட்டிருந்தீங்க. இதுக்காகத்தான் நான் இத்தனையும் பண்ணினேன்.

— வீட்டு ஆள்… பேசலாம்.

— மா, நீ சொல்லும்மா. இவர் நடிக்கறார். என்னைப் பேச வைக்கப் பாக்கறார்.

— கதவைத் தட்டறாங்க. யாரு, மூசாவா? உள்ள வாடா தம்பி.

— அக்கா, பதினோரு மாடி ஏறி என் உசிரே போச்சு. ஊர்வலம் கிளம்பணும்னு பெரியவங்க சத்தம் போடறாங்க. மச்சான், ஆகா, என்ன அங்கி, என்ன ஜரிகை. பேச்சு தயாரா மச்சான்? எத்தனை ஆயிரம் பேரைக் கூட்டி எத்தனை சுறாவைக் கொண்டு வரப் போறீங்க? என்ன, சும்மா கையை ஆட்டறார்? அக்கா, இந்த மனுஷன் வாயை மூடிட்டு நின்னு நான் பாத்ததே இல்லையே.

— குரல் போயிடுச்சு மூசா.

— குரலா? இவருக்கா? படியில வர்றப்ப இவர் பேச்சு கேட்ட மாதிரி இருந்துச்சே.

— ரேடியோவா இருக்கும். நீ முன்னால இறங்கிப் போய்ப் பெரியவங்ககிட்ட சொல்லு, முதல் பேச்சை அவர் வீட்டு ஆள் தஹமிதா பேசுவா, அது அவரே பேசின மாதிரி. எவனாவது நம்பலன்னா, இந்த மனுஷன் வாயிலேர்ந்து காலையிலேர்ந்து ஒரு வார்த்தை வரலன்னு சொல்லு. நான் சாட்சி.