நன்மைக்கு நீட்டிய கை

எழுபதுகளில் ஒரு சந்தை நாள். காரிமங்கலத்திலிருந்து தருமபுரி திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் திருநீறு பூசிய ஒருவரும் ஜன்னலோரம் ஜெபமாலை போட்ட ஓர் அம்மாளும் பேசிக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

“மதத்தால மனுசனுக்கு என்னங்க நன்மை? அது இல்லாட்டி நாம ஒரே வூட்டுல இருந்திருப்போம்.”

“அது இல்லாட்டி உங்களைப் பார்த்தே இருக்கமாட்டனுங்க. எங்க மாதா கோயில் திருவிழாவுல சாமியார் நன்மை குடுத்தாரே, அந்த அப்பத்துக்கு எல்லாரும் நாக்கை நீட்டுனாங்க. நீங்க மட்டும் பிரசாதம்னு நெனச்சு ரெண்டு கையையும் நீட்டுனீங்க.”

“நீங்க சிரிச்சீங்க.”

“சாமியார் உங்களைத் தாண்டிப் போனப்ப சிரிக்கலைங்க.”

இறங்கும் முன் அந்த அம்மாள் கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். அவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.