ராசு சுற்றிய துண்டு

ஓடுகிறோம். காலெல்லாம் சிமெண்டுச் சேறு. தலைக்கு மேலே 'ஙொய்' என்று ஒரே சத்தம். மிக்ஸி ஓடுவது போல, நிற்காமல். மேஸ்திரி கத்துகிறார்.

"ட்ரோன் வருது! குழாய்க்குள்ள பூந்துக்கோங்க!"

செவ்வாய்க்கிழமை. காலை டீ இன்னும் வரவில்லை. கடல் தாண்டிய ஊர். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத சண்டை. பாலத்துக்கு இறக்கி வைத்திருந்த பெரிய சிமெண்டுக் குழாய் ஒன்றுக்குள் நுழைந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ராசு வெளியே நிற்கிறான். என் தங்கை புருஷன். மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒன்றாக வேலைக்கு வந்தவர்கள் நாங்கள்.

"மாப்ளே! இன்னா பண்ற? உள்ள வா!"

வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தான். தலைக்கு மேலே சுற்றினான்.

எங்கள் மலையில் சாமை விளைந்தால் பரண் மேல் காவல் இருப்போம், பன்றிக்காக. கையில் நாட்டுத் துப்பாக்கி இருக்கும். அந்தப் பக்கம் நடப்பவன் துண்டைச் சுற்றிக் காட்டுவான், நான் பன்றி இல்லை, ஆள் என்று. பரணில் இருப்பவன் பதிலுக்குச் சுற்றுவான். பிறகு பயமில்லாமல் போகலாம்.

முந்தின நாள் முழுக்க நாங்கள் தங்கும் கொட்டகையில் இந்த ட்ரோன் பேச்சுதான். புதுசாம். எறும்பைக்கூட அடையாளம் கண்டுகொள்ளுமாம். ஆயுதம் பிடித்தவனை மட்டும் பொறுக்கி அடிக்குமாம், வேலைக்காரனைத் தொடாதாம். செல்போனில் படம் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் நம்பினோம். ராசு ரொம்ப நம்பினான்.

அது நேராகப் போய்க்கொண்டிருந்தது. துண்டைக் கண்டதும் அவன் பக்கம் திரும்பியது. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. சத்தம் கூர்மையானது. ராசு இன்னும் வேகமாகச் சுற்றுகிறான். அப்புறம் 'டம்'. அதோடு என் இடது காது அடைத்துக்கொண்டது.

எங்கிருந்தோ ஓர் ஆள் பார்த்து அடித்தானா, அதுவே முடிவு செய்ததா? நான் கேட்காத ஆளில்லை. இன்றைக்கும் தெரியாது. நாசமாய்ப் போகட்டும்.

ராசு வந்த பெட்டி போளூர் வழியாக மலையேறியது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தங்கை அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

போனது ராசு. என் ஒரு காது. ராசு வேலை செய்த நிலத்தில் பாதி இந்த வருஷம் தரிசு. மீதிச் சாமைக்குப் பரணில் தங்கைதான் காவல். தூரத்தில் யாராவது துண்டு சுற்றினால் அவள் பதிலுக்குச் சுற்றுவதில்லை. இறங்கி ஓடுகிறாள். கிட்டப் போய் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாள்.