கிதிர் முகம்மதுக்குப் போகாத மெசேஜ்

நான் எழுதும் புரோகிராமில் பிழை குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள், ஐயா. நிதானமாக வேலை பார்க்கிறவன் நான்.

தென்காசியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பட்டியலுக்கான புரோகிராமை எழுதிக் கொடுத்தது நான்தான். மிஷின்கள் குறைவு. முந்தின நாள் மாலை மெசேஜ் வந்தவர்கள் மட்டுமே மறுநாள் வர வேண்டும். பட்டியலை லிங்க்டு லிஸ்ட்டாக வைத்திருந்தேன். அதில் ஒவ்வொரு பெயரும் தனக்கு அடுத்த பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். ஐட்டரேட்டர் என்பது பெயர்களின் மேல் விரல் வைத்துக்கொண்டே போவது மாதிரி. நாளை வரவில்லை என்று சொன்னவரின் பெயரை நீக்கினால், விரல் தானாகவே அடுத்தவர்மேல் போய் நிற்கும். நான் அதை இன்னொரு முறை நகர்த்தும்படி எழுதிவிட்டேன். ஆகவே, நீக்கப்பட்டவருக்குப் பின்னால் நிற்பவருக்கு மெசேஜ் போகாது.

பட்டியலில் கிதிர் முகம்மது பாய்க்கு முன்னால் இருந்தவர் ஏசுவடியான். குற்றாலத்தில் பழக்கடை. சீசன் கூட்டம் தொடங்கியதும், செவ்வாய்க்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை ரிசப்ஷனில் இருக்கும் சங்கரேஸ்வரி போன் செய்தாள். "சார், பாய்க்கு மெசேஜே வரலயாம். நேத்து டயாலிசிஸ் விட்டுப்போச்சு. வெள்ளிக்கிழமைக்காவது வருமான்னு வீட்ல கேக்காவ."

"வரும்னு சொல்லு" என்றேன்.

பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே வரி. ஆனால் வெள்ளிக்கிழமை ஆலங்குளத்தில் இன்னொரு மருத்துவமனைக்கு இந்தப் புரோகிராமைக் காட்டுவதாக இருந்தது. திருத்தினால் தேதியோடு பதிவாகும். ஏன் என்று கேட்பார்கள். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வியாழன் மாலை ஏசுவடியான் மறுபடியும் வரவில்லை என்று சொன்னது என் திரையில் தெரிந்தது. பின்னால் யார் நிற்கிறார் என்பதும் தெரியும். போன் கையில்தான் இருந்தது. நான் கண்டுபிடித்த பிழை அதுதானா என்று உறுதி செய்துகொள்ள உட்கார்ந்து பார்த்தேன். அதுதான். மெசேஜ் போகவில்லை.

சனிக்கிழமை காலை, திருநெல்வேலிக்குக் கொண்டுபோகும் வழியில், மூச்சுத் திணறிப் பாய் இறந்துபோனார். அன்றைக்கே அந்த வரியை அழித்தேன். அந்த இரண்டு நாளும் சங்கரேஸ்வரி தவறுதலாகப் பாயின் பெயரை நீக்கியிருக்கிறாள் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு வேலை போனது. என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தப் பட்டனை எப்படி அமுக்கினோம் என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாளாம்.

அடுத்த வியாழக்கிழமை, உண்மையைச் சொல்லிவிடத்தான் பாய் வீட்டுக்குப் போனேன். மகள் அதீபா வாசலுக்கு வந்தாள்.

"வாப்பா போனுக்கு இப்பம் ஒழுங்கா மெசேஜ் வருதுண்ணே. உம்மா பாத்துப் பாத்து அழுதா. இதை நிப்பாட்ட முடியுமா?"

முடியும் என்றேன். அங்கேயே நின்று என் போனிலேயே பாயின் பெயரை நீக்கினேன். "பெரிய உபகாரம்ணே" என்றாள்.

வீட்டுக்கு வந்து, அவருக்குப் பின்னால் நின்றவருக்கு மெசேஜ் போகிறதா என்று காத்திருந்தேன். சரியாகப் போனது. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐயா. மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.