நாவூறு உள்ளவள்

கூப்பனுக்குக் கொடுக்கும் பங்கீட்டு அரிசியை வாங்கிக்கொண்டு, வாவியைக் கடந்து படுவான்கரைக்கு நான் திரும்பிய தோணியில் எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் இருந்தாள். அவளுக்கு எதிரே ஒரு கிழவி, முகத்தை வாவிப் பக்கம் திருப்பியபடி இருந்தாள். குழந்தை கிழவியின் சேலையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அவள் திரும்பவே இல்லை.

"என்ன மாமி, எல்லாரும் பிள்ளையைக் கொஞ்சுறாங்க. உங்களுக்கு மட்டும் என்ன கோவம்?"

"கோவமில்ல மகள். எனக்கு நாவூறு இருக்கு."

"அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தாத்தானே நாவூறு? சும்மா பார்க்கலாமே."

"பார்த்தா என்ட வாய் சும்மா கிடக்காது. தங்கச்சிட மகனைத் தூக்கி, இப்பிடி வடிவான பிள்ளை ஊரிலயே இல்லையெண்டு சொன்னன். ஆசையில சொன்னது. அண்டைக்கே காய்ச்சல். மூணாம் நாள் அவன் இல்ல."

"அதுக்கு நீங்க என்ன செய்வீங்க, மாமி?"

"பதினாறு வருசமாப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஒருத்தரும் என்னைக் கூப்பிடுறல்ல."

இளம்பெண் மெதுவாக முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். துறை வந்ததும் முதல் ஆளாக இறங்கிப் போனாள்.

அவள் மேட்டில் ஏறி மறையும்வரை கிழவி தண்ணீரையே பார்த்திருந்தாள். பிறகு தோணிக்காரனிடம் கேட்டாள்.

"தம்பி, அந்தப் பிள்ளை சிரிக்கக்குள்ள கன்னத்தில குழி விழுந்ததா?"

"ஓம், பெரியம்மா. ரெண்டு பக்கமும்."

கிழவி அவசரமாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.