சாமி விளக்கும் ரேடியோ ஒயரும்

மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் வந்தும் கதவு திறக்கவில்லை. எனக்கு முன்னால் ஒன்பது பேர். திறக்க வேண்டியதோ ஒரே கதவு. வரிசையின் நடுவில் கசங்கிய சட்டை அணிந்த ஒருவர் தம் நண்பரிடம் சொன்னார்:

"ரேடியோதான் பேட்டரிய குடிக்குதுன்னு நேத்து கழட்டிப் போட்டேன், மச்சான். இன்னிக்கும் கார் ஸ்டார்ட் ஆகல."

"அந்த ரேடியோ ஒயர்ல வேற என்ன மாட்டியிருக்க?"

"கார்ல வச்சிருக்க முருகர் லைட்டு மட்டும்தான். சாமி இருட்டுல இருக்கக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. சாவிய எடுத்தாலும் கரண்ட் வர்ற ஒயர்ல கொடுத்தேன்."

"அலமாக்! அதான்லா! ராத்திரி பூரா பல்பு எரிஞ்சா பழைய பேட்டரி எப்படி தாங்கும்? ரேடியோ என்னடா பாவம் பண்ணுச்சு?"

கசங்கிய சட்டைக்காரர் தரையைப் பார்த்தார்.

"அப்ப அம்மாவுக்கு மூச்சுத் திணறின அன்னிக்கும் கார் அதனாலதான் ஸ்டார்ட் ஆகலையா? வேற கார் தேடி இங்க கொண்டு வர ஒரு மணி நேரம் ஆச்சு, மச்சான்."

நண்பர், "வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்த லைட்ட கழட்டு," என்றார்.

"அம்மா இன்னும் கண்ணு முழிக்கல. இந்த நேரத்துல போயி சாமி விளக்க எப்படி அணைக்கறது?"